கடையில் சொல்லவேண்டிய முதல் வார்த்தை

"தம்பி, ரெண்டு காஸ்டிக் குளிசை தாங்கோ."

நீர்வேலியில் பருத்தித்துறை வீதியோரம் ஒரு மருந்துக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் குரல் கேட்கும். கேட்பவர் கணவர். நெஞ்செரிவோடு வீட்டில் கிடப்பவர் ஏழு மாதக் கர்ப்பிணி. கடைக்காரரின் கண்ணுக்குத் தெரிவதோ திடகாத்திரமான ஓர் ஆண்பிள்ளை. "பிள்ளைத்தாச்சிக்கு" என்று சொல்லாவிட்டால் அவர் அந்த ஆணுக்குரிய குளிசையைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

கர்ப்பத்தில் நெஞ்செரிவு புதினமில்லை. புரொஜெஸ்தரோன் கூடும்போது இரைப்பையின் மேல்வாய் இளகும். வளரும் கருப்பை கீழிருந்து நெருக்கும். புளிப்பு மேலே ஏறும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, சாப்பிட்ட கையோடு படுக்காமல், தலைமாட்டை உயர்த்தி இடப்பக்கம் சரிந்து படுத்தாலே பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் கல்சியம் காபனேற்று அல்லது அல்ஜினேற்று உள்ள மருந்தை முதலில் கேட்கலாம். அதைக் கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் பிளேன்ரீயும் இரும்பைத் தடுப்பதுதான். அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை.

இரும்புக் குளிசையால் மலம் இறுகினால், வாழைக்குலைக்குப் பேர்போன ஊரில் பழமும் கீரையும் தண்ணீரும் முதலில் இருக்கட்டும். விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் குடிக்கலாம். நெஞ்செரிவுக்கென்று குடிக்கும், நுரைத்தெழும் ஈனோ போன்றவற்றில் சோடியம் அதிகம், தவிர்ப்பது நல்லது.

எனக்குக் கூடுதல் பயம் வெளிநாட்டுப் பார்சல்களில்தான். கனடாவிலிருந்து மாமி அனுப்பும் இளஞ்சிவப்புப் பெப்டோ பிஸ்மோலில் அஸ்பிரின் குடும்பத்துச் சாலிசிலேற்று இருக்கிறது, கர்ப்பிணிக்கு ஆகாது. (வைத்தியர் அளந்து தரும் சிறு அஸ்பிரின் வேறு கதை.) அல்சருக்கென்று இருக்கும் மிசோப்ரொஸ்ரோல் கருப்பையைச் சுருங்கவைத்துக் கருவையே கலைத்துவிடும். கடையில் கிடைப்பதெல்லாம் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பல்ல என்பதற்குப் பழைய பாடமும் உண்டு. 1957இல் மேற்கு ஜேர்மனியில் மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கத் தொடங்கிய தலிடோமைட் என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் ஓங்காளத்துக்கும் குடித்தார்கள். 1961 நவம்பரில் அங்கே அதை மீளப்பெறுவதற்கிடையில் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்துவிட்டன.

எல்லா வயிற்றுநோவும் காஸ்டிக் அல்ல. இருபது வாரத்துக்குப் பிறகு மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ நோவு, கடும் தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல் என்று வந்தால் அது பிறஷரின் அடையாளமாக இருக்கலாம். தாயையும் பிள்ளையையும் பறிக்கக்கூடியது அது. "குளிசை போட்டுப் பாப்பம்" என்று இரவைக் கடத்தவேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

மருந்துக்கடைகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்றே நடக்கவேண்டும். மருந்தாளர் எங்கே என்று கேட்பதும் பற்றுச்சீட்டு வாங்குவதும் உங்கள் உரிமை. வைத்தியரின் சீட்டோடு மட்டும் தரவேண்டியதைச் சும்மா தந்தால் யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் உணவு மருந்துப் பரிசோதகரிடம் முறையிடலாம். விலை கூட்டி விற்றால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். சந்தேகத்துக்கு, வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார்.

கடைக்குப் போகிற அண்ணாமாரே, கர்ப்பிணி அட்டையைப் போனில் படமெடுத்து வைத்திருங்கள். குளிசையின் பேரைச் சொல்வதற்கு முதல் அதைக் காட்டுங்கள்.