மனவடுவும் வர்க்கமும்: முதலாம் உலகப்போர் தரும் பாடம்

வில்பிரட் ஓவனும் சீக்பிரிட் சசூனும் 1917ஆம் ஆண்டில் எடின்பரோவை அடுத்த கிறெய்க்லொக்ஹார்ட் இராணுவ வைத்தியசாலையில் நோயாளிகளாகவே சந்தித்தனர். இலக்கிய வரலாற்றாசிரியர் இச்சந்திப்பைக் கவிதையின் பேறாகப் போற்றுவர். ஆயின் அவ்வைத்தியசாலை அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது என்பதை அவர்கள் அழுத்திக் கூறுவதில்லை. மனவடு பற்றிய எந்த ஆய்வும் இவ்வுண்மையிலிருந்து தொடங்குதல் தகும்.

பதுங்குகுழிப் போரிலிருந்து பேச்சிழந்தும், கைகால் முடங்கியும், நடுக்குற்றும் திரும்பியோரின் நிலையைக் குறிக்க, 'ஷெல் அதிர்ச்சி' என்னும் தொடரை 1915இல் மருத்துவ ஏட்டுக்குக் கொண்டுவந்தவர் சாள்ஸ் மயர்ஸ். குண்டுவெடிப்பு மூளையைத் தாக்கியதே காரணம் என முதலிற் கருதப்பட்டது. ஆனால் குண்டு வெடித்த இடத்துக்கு அருகே சென்றிராதவரும் இந்நோய்க்கு ஆளாயினர். எனவே காயம் உள்ளத்தில் ஏற்பட்டது என்பதை ஏற்கவேண்டியதாயிற்று.

கிறெய்க்லொக்ஹார்டில் சசூனுக்குச் சிகிச்சையளித்த டபிள்யூ. எச். ஆர். றிவர்ஸ் மானிடவியலாளருமாவார், நீலகிரித் தோடர் பற்றி 1906இல் நூல் வெளியிட்டவர். 'நடந்ததை மறந்துவிடு' என்னும் அறிவுரையே நோயை வளர்க்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அடக்கப்பட்ட நினைவு கனவாக மீளும். அதைச் சொல்லி, ஆராய்ந்து, தாங்கத்தக்கதாக்குதலே வழி என்றார். சாதாரண சிப்பாய்களுக்கோ வேறு முறைகளும் காத்திருந்தன. லண்டனில் லூயிஸ் யேலண்ட் பேச்சிழந்த சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார். அதிகாரிக்கு உரையாடல், சிப்பாய்க்கு மின்சாரம் என்னும் இவ்வேறுபாடு தற்செயலானதன்று. கட்டளைக்கு எதிராக வாய்திறக்க உரிமையற்றவனின் உடலே ஊமையாயிற்று எனக் கொள்ளலாம். வைத்தியசாலையை எட்டாதோரும் இருந்தனர். கைவிட்டோடல், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006ஆம் ஆண்டிலேயே பிரித்தானியச் சட்டம் மன்னிப்பளித்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதிகாரிகள் அல்லர்.

எனினும் றிவர்ஸின் மனிதாபிமானமும் முரண்பாடற்றதன்று. போர் நீட்டிக்கப்படுவதை எதிர்த்து 1917இல் அறிக்கை விடுத்தமையாலேயே சசூன் அங்கு அனுப்பப்பட்டார்; அரசியல் எதிர்ப்பு நோயெனப் பெயர் பெற்றது. குணப்படுத்தல் என்பது போர்முனைக்குத் திருப்பியனுப்பலாகவும் அமைந்தது. ஓவன் குணமடைந்து மீண்டார்; 1918 நவம்பர் 4ஆந் திகதி, போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்னர், கொல்லப்பட்டார்.

இந்நோய்க்கு இன்றைய பெயரான 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து மீண்டு, அப்போரையே எதிர்த்த சிப்பாய்களின் இயக்கம் இதற்கு ஒரு முக்கிய உந்துதலாகும். நிகழ்ச்சி மீண்டும் நிகழ்வதுபோல உணர்தல், அதை நினைவூட்டுவனவற்றைத் தவிர்த்தல், எண்ணமும் உணர்வும் இருளடைதல், ஓயாத விழிப்புநிலை என்பன ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைக்குமாயின் அது இந்நோயெனக் கொள்ளப்படும். பயிற்சிபெற்றவரின் துணையோடு, பாதுகாப்பான சூழலில், அந்நினைவைப் படிப்படியாக எதிர்கொள்வதே இன்று முதன்மைச் சிகிச்சை. மனச்சோர்வுக்குரிய சில மருந்துகளும் உதவும். ஆனால் நிகழ்ச்சி முடிந்தவுடனே அதைக் கட்டாயமாகச் சொல்லவைத்தல் பயனற்றது, தீங்கும் விளைக்கலாம்.

இவ்விடத்தில் ஓர் எல்லையையும் நாம் உணர வேண்டும். 'பிற்பட்ட' என்னும் சொல் ஆபத்து முடிந்துவிட்டதெனக் கொள்கிறது. காணாமற்போனவரைத் தேடும் தாய்க்கு அது முடிவதில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மனவடு தனியாளுக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் நேர்வது என நமது போர் அனுபவத்திலிருந்து எழுதியுள்ளார். நினைவைச் சொல்லும் உரிமை, கேட்போரின் கடமை, வாழ்வாதாரம், நீதி ஆகியவற்றினின்றும் மருத்துவத்தைப் பிரித்தல் இயலாது. இவையின்றி ஒருவரைக் குணப்படுத்துவது, அவரைக் காயப்படுத்திய நிலைமைக்கே அவரைத் திருப்பியனுப்புவதாகும். ஓவனின் கதை உணர்த்துவதும் இதுவே.