தீவின் கவர்ச்சியும் தீவாரின் வாழ்வும்

அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால் கரையில் மாலை வேளையில் நிற்போரின் கண்கள் தாமாகவே தொடுவானத்தை நாடும். ஆள் அரவமற்ற ஒரு தீவு, அங்கே வணக்கமும் தனிமையும் என ஒருகணமேனும் எண்ணாத உள்ளம் அரிது. இவ்வேட்கை புதியதன்று. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது ‘இஹ்யா’வில், தனித்திருத்தலின் நன்மை தீமைகளை ஆராய்வதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார்கள்.

அரபு இலக்கியத்தில் இவ்வேட்கைக்கு வடிவம் தந்தவர், 12ஆம் நூற்றாண்டின் அந்தலூசிய மருத்துவரும் மெய்யியலாருமான இப்னு துஃபைல். அவரது ‘ஹய்யு இப்னு யக்ளான்’ எனும் கதையில், மானின் பாலுண்டு தீவொன்றில் தனியே வளரும் மனிதன், தன் சிந்தனையாலேயே இறைவனை அறிகின்றான். இந்நூல் 1671இல் இலத்தீன் மொழியிலும் 1708இல் அரபியிலிருந்து நேரே ஆங்கிலத்திலும் வெளிவந்தது. புகழ்பெற்ற ‘ராபின்சன் குரூசோ’ வெளிவந்ததோ 1719இல்தான்.

எனினும், நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் வேறு. ஆளில்லாத் தீவென நம்பித் தனித்து வணங்க வருகின்றார் அப்ஸால் என்பவர். அங்கே அவர் காண்பதோ ஒரு மனிதனை!

வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. 1343-44இல் மாலத்தீவில் தங்கிய இப்னு பதூதா, அங்கே காழியாகப் பதவியேற்றார், மணமும் முடித்தார். தென்னை நார்க் கயிறு, மாசி, வங்கத்து அரிசிக்கு மாற்றாக அனுப்பப்பட்ட சோழி என அம்மக்களின் வாழ்வை விரிவாக எழுதினார். ஆயின், அமைச்சருடன் பிணங்கி வெளியேறிய அவர், மஅபர் எனப்பட்ட நம் கரைக்கு வந்து, மதுரை சுல்தான் கியாதுத்தீனிடம் அத்தீவுகளின் மீது படையனுப்புமாறு தூண்டினார். அது நிறைவேறவில்லை. பின்னர் மீண்டும் அங்கே சென்றபோது, தாம் பிரிந்தபின் பிறந்த மகனுக்கு வயது இரண்டு. பிள்ளையை அழைத்துச் சென்றுவிடுவாரோ என அஞ்சிய தாய் அமைச்சரிடம் முறையிட்டாள். அவரோ மகனைக் கண்டு, அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

அவரது பயண நூலை உலகம் போற்றுகின்றது. அத்தாயின் பெயரை எத்தனைபேர் தேடினோம்? நம் காரைக்காலிலிருந்தும் சைகோனுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியோர் பலர். சபராளி கண்ட புதுமைகளை ஊரே கேட்டு மகிழ்ந்தது. அவர் வரவை நோக்கி நாட்களை எண்ணிய இல்லத்தாரிடம் கேட்டவர் சிலரே.

ஆதலின், தொலைதூரத் தீவின்மீது ஆசை கொள்வது பிழையன்று. அதனை ஆளற்ற இடமாகக் கருதுவதே பிழை. நமக்குத் தனிமையாகத் தோன்றும் அவ்விடம், அங்கே பிறந்தவர்க்கு ஊரும் உறவும் ஆகும்.