லேத் நாலு, வெர்னியர் இருநூறு

ஆவடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பில்லிங் சாஃப்ட்வேர் மாதக் கடைசியில் திணறுகிறது. டேட்டாபேஸ் கனெக்ஷன் பூலை 50-லிருந்து 200 ஆக்கினோம்; இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?"

பூல் எதற்கு என்பது அவருக்கே தெரியும். போஸ்ட்கிரஸில் கனெக்ஷன் ஒவ்வொன்றுக்கும் சர்வரில் தனி பிராசஸ் கிளம்புகிறது, பாஸ்வேர்டு சரிபார்ப்பு வேறு. தடவைக்குத் தடவை இந்தப் பாடு எதற்கு என்றுதான் சிலவற்றைத் திறந்தே வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம்.

வேடிக்கை இனிமேல்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் இருந்த பட்டறையில் ஸ்டோரில் டோக்கன் கொடுத்து வெர்னியர் வாங்குவோம், அளந்ததும் திருப்பிவிட வேண்டும். லேத் நாலுதான். வெர்னியர் 200 வாங்கிப் போட்டால் உருப்படி கூடுதலாக விழுமா? ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு லேத்தைச் சுற்றி இடித்துக்கொண்டு நிற்பார்கள். சர்வரின் கோர்தான் லேத். நாலு கோர் ஒரே சமயத்தில் நாலு வேலையைத்தான் பார்க்கும். 200 பேர் கேட்டால் ஆள் மாற்றுவதிலேயே பொழுது போய்விடும்.

ஆரக்கிள்காரர்கள் ஒரு செயல்விளக்கத்தில் பூலை மட்டும் சுருக்கிக் காட்டினார்கள். பதில் வரும் நேரம் சுமார் 100 மில்லிசெகண்டிலிருந்து 2-க்கு இறங்கியது! போஸ்ட்கிரஸ் வட்டாரத்தில் ஒரு தொடக்கக் கணக்கு உண்டு: கோர் எண்ணிக்கையை இரட்டித்து, டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டு. நாலு கோர், ஒரு டிஸ்க் என்றால் 9. ஜாவாக்காரர்களின் ஹிகாரிசிபி பூலும் இயல்பாக 10-தான் வைக்கிறது. அங்கே தொடங்கி, சுமை ஏற்றி அளந்து பார்த்து மேலே போகலாம். அப்ளிகேஷன் நாலு சர்வரில் ஓடினால் மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். ஆளுக்கு 30 என்றால் 120. போஸ்ட்கிரஸின் இயல்பு வரம்போ 100.

எனக்கு ஆற்றாமை வேறு. வெர்னியரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆளைப் போல, பிழை வந்ததும் கனெக்ஷனைத் திருப்பாமலே வெளியேறும் கோட் எத்தனை! காலையில் நன்றாக ஓடும், சாயங்காலத்துக்குள் பூல் காலி. ஹிகாரியில் அடுத்து வருகிறவர் 30 நொடி காத்திருந்து பிழைச் செய்தியோடு திரும்புவார். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அதனாலேயே யாரும் காரணத்தைத் தேடுவதில்லை. பெரிய சர்வருக்குக் கொட்டேஷன் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த லீக்கைக் கண்டுபிடிக்கும் வசதி ஹிகாரியிலேயே இருக்கிறது, ஆனால் அணைத்துவைத்தே வருகிறது. ஒரு நிமிடம் என்று அமைத்துவிட்டால் போதும்; அதற்குமேல் திரும்பாத கனெக்ஷனைக் கோடின் எந்த வரி வாங்கியது என்பதை லாகில் எழுதிக் காட்டிவிடும்.