பழனி அடிவாரத்தில் இரண்டு மலேசிய எண்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பழனிக்குப் போயிருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர் முடியிறக்கும் இடத்தில். அந்தம்மா விஞ்ச் வரிசையில். இருவரிடமும் மலேசிய சிம். "எங்க இருக்கீங்க?" என்று அந்தம்மா போடும் அழைப்பு கூப்பிடு தூரத்தில் இருப்பவரிடம் நேரே போகாது. கடல் தாண்டி மலேசியா போய், மறுபடி பழனிக்கு வரும்.

60 என்று தொடங்கும் எண்ணைக் கண்டதும் இந்திய நிறுவனம் அதை மலேசியாவுக்குத் தள்ளிவிடும். ஆள் எங்கே என்று தெரிந்து வைத்திருப்பது மலேசிய நிறுவனத்தின் ஹெச்.எல்.ஆர். என்ற பதிவேடு. விமானம் இறங்கிக் கைப்பேசியைத் திறந்ததுமே, 'உங்கள் ஆள் இப்போது எங்களிடம்' என்று இந்தியாவிலிருந்து அதற்குச் சேதி போயிருக்கும். அழைப்பு வந்ததும், ஒரு தற்காலிக எண்ணை அங்கிருந்து கேட்டு வாங்கி அதற்குத் திருப்பிவிடுகிறார்கள். பழைய தோட்டத்து விலாசத்துக்கு வந்த கல்யாணப் பத்திரிகையில் கிராணி புது விலாசம் எழுதி அனுப்புவதைப் போல. போன வழிக்கு அந்தம்மா காசு கட்டுகிறார். திரும்பிய வழிக்கு, எடுத்துப் பேசிய பாவத்துக்கு, அவர் கட்டுகிறார்.

இந்தக் கடல்வழி புதிதல்ல. சென்னை–பினாங்கு தந்திக் கம்பி 1871இலேயே வந்துவிட்டது. பேசுவதற்கான கேபிள் அதே இரு ஊர்களுக்கிடையே வர 1981 ஆனது. செயற்கைக்கோள் வழியே பேசியவர்களுக்கு அந்தத் தவிப்பு நினைவிருக்கும்: 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்குவதால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடி விழும், இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர்தான். இடைவெளி காதுக்கே தெரியாது.

சுங்கை சிப்புட் தொகுதியின் சாமிவேலு அமைச்சராகத் தொலைத்தொடர்புத் துறையையும் கவனித்த 1989–95 காலத்தில், தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் ஐ.எஸ்.டி. பூத்தில் ஓடும் சிவப்பு இலக்கங்களைப் பார்த்தபடியேதான் பேசினார்கள். இப்போது மீட்டர் கண்ணில் படுவதில்லை, அதுதான் ஆபத்து.

அங்கிருந்து சுங்கை சிப்புட் வீட்டுத் தொலைபேசிக்கு அழைக்க, பேராக்கின் 05இல் பூஜ்ஜியத்தை விட்டு +605 என்று தொடங்க வேண்டும். கிளம்பும் முன் வாய்ஸ்மெயிலையும் நிறுத்திவிடுங்கள். நீங்கள் எடுக்காத அழைப்பு இந்தியாவரை வந்து, குரலைப் பதிய மறுபடி மலேசியாவுக்கே போகும். பேசாத பேச்சுக்கு இரண்டு வெளிநாட்டுக் கட்டணம் விழக்கூடும்.