ஹவாயன் கித்தாருக்கு ஒரு கேப்போ

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். அத்தகைய தோட்டத்துக் கோயில் பஜனையில், மடியில் கிடத்தி இரும்பு உருளையால் இழைக்கும் ஹவாயன் கித்தார் சேர்வதாக வைத்துக்கொள்வோம். கித்தார் ஒரு கட்டைச் சுருதியில் இருக்கிறது. பாடுபவருக்கோ இரண்டு கட்டை. உருளையைத் தள்ளினால் பாட்டு சேர்ந்துவிடும். சுருதிக்கு மீட்டும் திறந்த தந்திகள் சேரா. ஆறையும் முறுக்கினால் ஒன்றாவது அறுந்துபோகலாம்.

சாதாரணக் கேப்போ தந்தியைக் கட்டையோடு அழுத்துவது. இங்கே தந்திகள் உயரத்தில் நிற்பதால் அது உதவாது. அழுத்தினால் உருளை வழுக்கி ஓடாது. ஆகவே தந்திகளை மட்டுமே மேலும் கீழும் கவ்வும் இரு பட்டைகள் வேண்டும். பித்தளைத் துண்டு இரண்டை எடுத்து, மூன்றாம் நான்காம் தந்திகளுக்கு இடையே ஒரு திருகாணியால் இறுக்குவோம்.

உடனே மெல்லிய தந்திகள் இரையும். தடித்த தந்தி அழுத்தம் முழுவதையும் வாங்கிக்கொள்வதே காரணம். ஒரு பட்டையில் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டினால் பள்ளமாகி எல்லாவற்றையும் பிடிக்கும். இரு பக்கமும் ஒட்டினால் நாதம் மங்கிவிடும். ஒரு பக்கம் உலோகமாகவே இருக்கட்டும். மெல்லிய தகடானால் நடுத்திருகை இறுக்க இறுக்க ஓரங்கள் விரிந்து ஓரத் தந்திகள் தளரும். அதற்குத் தடித்த பட்டைதான் மருந்து. கனமும் நாதத்துக்கு நல்லதே.

தந்தி நீளம் 22½ அங்குலமானால், இரண்டு கட்டைக்குரிய இடம் தலைமேட்டிலிருந்து ஏறக்குறைய 2½ அங்குலம். பட்டையின் குதிரைப் பக்க விளிம்பே அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். இறுக்கியபின் சுருதி சற்று ஏறும். அதைப் பிரடையில் சரிசெய்துகொள்ளலாம்.