டென்மார்க்கில் சேமித்த ரத்தத் துளிகள்

டென்மார்க்கில் குழந்தை பிறந்து இரண்டு, மூன்று நாளில் அதன் குதிகாலில் ஊசியால் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஒரு வடிதாளில் ஒற்றி எடுக்கிறார்கள். பிறவிக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை. அவற்றில் பழையது 'பிகேயு'. உணவுப் புரதத்திலுள்ள ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி இந்தக் குழந்தைகளிடம் வேலை செய்யாது. அந்த அமிலம் ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுத்துவிடும். முதல் சில வாரங்களிலேயே கண்டுபிடித்துத் தனி உணவுமுறைக்கு மாற்றினால் குழந்தை மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்குப் போகும். கவனிக்காமல் விட்டால் கடுமையான அறிவுசார் குறைபாடு வரும்.

சோதனை முடிந்ததும் அந்தத் தாளை அவர்கள் தூக்கிப் போடுவதில்லை. 1982-இலிருந்து கோபன்ஹேகனில் உள்ள ஸ்டாட்டன்ஸ் சீரம் நிறுவனத்தில் உறைகுளிரில் சேமித்து வருகிறார்கள். இன்று அங்கே 20 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் ரத்தத் துளிகள் இருக்கின்றன.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 1968-இலிருந்து அந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் பத்திலக்க அடையாள எண் உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தது, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியது, படித்தது, சம்பாதித்தது எல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ் பதிவாகும். மக்கள்தொகையோ சுமார் 60 லட்சம்தான். நம் சென்னை மாநகராட்சியில் அதைவிட அதிகம் பேர் வசிக்கிறார்கள். மரபணு ஆய்வாளரும் மனநல மருத்துவரும் புள்ளியியல்காரரும் ஒரே குழந்தையின் கதையை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து படிக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் இந்த எண்தான்.

இதன் பலன் முதலில் பெரிதாகத் தெரிந்தது தடுப்பூசி விவகாரத்தில். 1998-இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது. 2002-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 5,37,303 குழந்தைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். தடுப்பூசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடவில்லை. 2019-இல் 6,57,461 குழந்தைகளை வைத்து மறுபடியும் பார்த்தார்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருக்கிற குழந்தைகளைத் தனியாகப் பிரித்தும் பார்த்தார்கள். அதே விடைதான் வந்தது. வேக்ஃபீல்டின் கட்டுரையை 'லான்செட்' இதழ் 2010-இலேயே திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் வதந்திக்கு வாபஸ் ஏது? 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல் பதிவுகளைக் கேட்டுப் பிள்ளையை அன்று லீவு போடவைத்த பெற்றோர் எத்தனை பேர்!

சரி, அப்படியானால் ஆட்டிசம் ஏன் இப்படிப் பெருகுகிறது? இதற்கும் டென்மார்க் பதிவேட்டில் பாதிக்கு மேல் விடை இருக்கிறது. 1994-இல் அங்கே நோயறியும் வரையறை மாறியது. 1995-இலிருந்து புறநோயாளிகளையும் பதிவேட்டில் சேர்த்தார்கள். 1980 முதல் 1991 வரை பிறந்த குழந்தைகளிடம் காணப்பட்ட அதிகரிப்பில் 60 சதவீதத்தை இந்த இரண்டு மாற்றங்களே விளக்கிவிடுகின்றன என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. முன்பும் இந்தக் குழந்தைகள் இருந்தார்கள், கணக்கில்தான் வரவில்லை.

ஆனால் மருந்துகள் மீதான எல்லாக் குற்றச்சாட்டும் பொய்யாகிவிடவில்லை. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைக் கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆட்டிச வகைக் குறைபாடுகள் வரும் வாய்ப்பு 4.4 சதவீதம், பொதுவாக அது 1.5 சதவீதம்தான். 2013-இல் இந்தக் கணக்கு வெளிவந்ததும் டென்மார்க்கிலிருந்துதான். ஒரு மருந்தை விடுவிப்பதும் இன்னொன்றைப் பிடித்துக் கொடுப்பதும் ஒரே பதிவேடு என்பதால்தான் இந்த முடிவுகளை நான் நம்புகிறேன். (வலிப்பு உள்ள பெண்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. வலிப்பு கட்டுப்பாடில்லாமல் வந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் மாற்று மருந்து பற்றிக் கேளுங்கள்.)

2012-இல் 'ஐசைக்' என்ற கூட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு, சேமித்த ரத்தத் துளிகளிலிருந்து மரபணுக்களைப் பெரிய அளவில் படிக்கத் தொடங்கினார்கள். 2019-இல் பிற நாட்டுத் தரவுகளையும் சேர்த்து, ஆட்டிசம் உள்ள 18,381 பேரையும் இல்லாத 27,969 பேரையும் ஒப்பிட்டு, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஐந்து இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இப்படிப்பட்ட நுண்ணிய வேறுபாடுகள் நம் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பவைதான். ஆனால் ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களிடம் இவற்றின் பங்கு குறைகிறது. அங்கே அரிதான மரபணுப் பிறழ்வுகளே அதிகம் பேசுகின்றன. அவற்றில் பல பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுபவை. எந்தப் பக்கத்து ரத்தம் என்று சம்பந்திகள் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு டென்மார்க்கைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. இதே நாடுதான் 1911 முதல் லிவோ தீவில் ஆண்களையும், 1920-களிலிருந்து ஸ்ப்ரோகோ தீவில் பெண்களையும் 'மந்த புத்தி' என்று முத்திரை குத்தி அடைத்து வைத்தது. ஸ்ப்ரோகோவுக்கு அனுப்பப்பட்ட பெண்களில் பலர் செய்த குற்றம், ஊர் ஒப்புக்கொள்ளாத உறவு வைத்திருந்தது. கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்தால்தான் பலருக்கு விடுதலை. 1929-இலேயே கருத்தடைச் சட்டம் இயற்றிய நாடு அது. இரண்டு தீவு விடுதிகளும் 1961-இல் மூடப்பட்டன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1959-இல், பாங்க்-மிக்கெல்சன் என்ற அதிகாரியின் முயற்சியால் வந்த சட்டம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களைப் போன்ற வாழ்க்கையை முடிந்தவரை வாழ வேண்டும் என்றது. நாஜி எதிர்ப்பில் ஈடுபட்டு முகாமில் அடைபட்டிருந்தவர் அவர். பூட்டிய கதவு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அரசு முறையாக மன்னிப்புக் கேட்கவோ 2023 செப்டம்பர் வரை ஆயிற்று.

ஆகவே, ரத்தத் துளிகளை யார், எதற்காகப் படிக்கலாம் என்ற கேள்வி அங்கே சும்மா எழுவதல்ல. ஆய்வு நெறிக்குழு அனுமதித்தால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்காமலே ஆய்வு செய்யலாம். வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து விலகலாம். இது போதுமா என்றால், என்னைப் பொறுத்தவரை போதாது. முன்கூட்டியே கேட்பதுதான் முறை.

இந்தியாவில் நம்மிடம் டென்மார்க்கைப் போன்ற பதிவேடு இல்லை. 2018-இல் வெளியான இந்திய ஆய்வுக்காக ஐந்து பகுதிகளில் வீடு வீடாகப் போய் ஏறக்குறைய 4,000 குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் 13.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'பிக்மி' என்ற பதிவு எண் தருகிறோம். குழந்தையின் வளர்ச்சிப் பதிவையும் அதே எண்ணோடு இணைத்தால், தீவுகளின் கதையை மறக்காமல் இணைத்தால், பத்தாண்டுகளில் நமக்கே சொந்தமான விடைகள் கிடைக்கும்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையென்றால், "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று விசாரியுங்கள். அங்கே கட்டணம் கிடையாது.