விரல் மடங்கினால் போதாது, படுக்கையும் வேண்டும்

மேசை மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தால் தட்டையாகப் படிய வேண்டும். மோதிர விரலோ சுண்டு விரலோ படியாமல் எழுந்து நின்றால், உள்ளங்கையில் கயிறு போல ஒரு தடிப்பும் தட்டுப்பட்டால், அது டுப்யூட்ரென் சுருக்கமாக இருக்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது. ஆனால் முகம் கழுவும்போது விரல் கண்ணில் குத்தும். சட்டைப் பைக்குள் கை நுழையாது. கும்பிட்டால் ஒரு விரல் மட்டும் எதிர்க்கட்சி வரிசையில் நிற்கும்.

தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வு தடித்துச் சுருங்குவதால் வரும் கோளாறு இது. 1831இல் பாரிஸில் இதற்கு அறுவை செய்து பாடம் நடத்திய டாக்டரின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. வட ஐரோப்பியர்களிடம் அதிகம். மார்கரெட் தாட்சரும் ரொனால்ட் ரீகனும் இதற்காகக் கையை அறுத்துக்கொண்டவர்கள். இந்தியாவில் குறைவுதான், ஆனால் நீரிழிவுக்காரர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல்.

சிகிச்சைக்கு இரண்டு வழிகள். ஒன்று, உள்ளங்கையைத் திறந்து தடித்த சவ்வை வெட்டி எடுப்பது. தையல், கட்டு, வாரக்கணக்கில் பயிற்சி எல்லாம் உண்டு. இன்னொன்று, 1970களில் பிரெஞ்சு மூட்டுநோய் மருத்துவர்கள் பரப்பிய ஊசி முறை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசி முனையாலேயே கயிற்றை அறுத்து, விரலை இழுத்து நிமிர்த்துகிறார்கள். சிறு கட்டோடு அன்றே வீட்டுக்குப் போகலாம். செலவும் குறைவு.

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்க வேண்டும். ஆனால் சிக்கல் இதில்தான் வருகிறது.

1986இல் பொதுத்துறைக் கம்பெனிகள் மெடிக்ளெய்ம் பாலிசியைக் கொண்டு வந்தபோது, அதன் அடிப்படை ஆஸ்பத்திரிப் படுக்கைதான். இன்றும் 24 மணி நேரம் உள்நோயாளியாக இருப்பதே பொது விதி. கண்புரை அறுவை போன்றவற்றுக்காக 'பகல்நேர சிகிச்சை' என்ற விலக்கு வந்தது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அதற்குத் தரும் இலக்கணம்: மயக்க மருந்தோ மரப்பு மருந்தோ கொடுத்துச் செய்யப்பட வேண்டும், தொழில்நுட்ப முன்னேற்றத்தால் மட்டுமே 24 மணி நேரத்துக்குள் முடிவதாக இருக்க வேண்டும், அந்த முன்னேற்றம் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்திருக்கும். இதோடு ஒரு வாலும் உண்டு. வழக்கமாகப் புறநோயாளியாகவே செய்துகொள்ளும் சிகிச்சை இதில் சேராது.

ஊசி முறை எந்தப் பக்கம்? அறுவைக்கு மாற்றாக வந்தது என்று நோயாளி சொல்லலாம். அறையில் உட்கார வைத்துச் செய்ததுதானே என்று கம்பெனி சொல்லலாம். இரண்டுக்கும் இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. பில்லில் வெறும் 'ஊசி' என்று மொட்டையாக எழுதியிருந்தால், கிளெய்ம் மேசையில் இருப்பவர் அதைக் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியாகவே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

ஒரு ராத்திரி சும்மா படுத்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றும். அது குறுக்கு வழி, புத்திசாலித்தனமும் அல்ல. தேவையில்லாமல் சேர்ந்தார் என்று அதையே காரணம் காட்டி மறுக்கலாம்.

இன்னொரு ஆயுதம், 'நிரூபிக்கப்படாத சிகிச்சை' என்ற விலக்கு. போதிய மருத்துவ ஆதாரம் இல்லாதவற்றுக்குப் பணம் கிடையாது. ஊசி முறைக்கு இது பொருந்தாது. பிரிட்டனின் அரசு சார்ந்த மதிப்பீட்டு அமைப்பு 2004இலேயே இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் குறையும் உண்டு. 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் ஊசி முறையில் சுமார் 85 சதவீதம் மறுபடி சுருங்கியது. வெட்டி எடுத்தவற்றில் சுமார் 21 சதவீதம்தான். திரும்ப வரும் என்று தெரிந்தே, சுலபம் கருதி இதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நோயாளியும் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. கிளெய்ம் மேசையில் அல்ல.

ஆகவே வேலை சிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டும். எந்த மூட்டு எத்தனை டிகிரி மடங்கியிருக்கிறது, அன்றாடம் எது முடியவில்லை, இதைச் செய்யாவிட்டால் எந்த அறுவை தேவைப்படும் என்று டாக்டரிடம் கடிதம் வாங்க வேண்டும். பாலிசியின் பகல்நேரப் பட்டியலைப் பார்த்துவிட்டு, கம்பெனியிடம் முன் அனுமதியை எழுத்தில் கேட்க வேண்டும். தொலைபேசியில் கிடைக்கும் 'பார்க்கலாம் சார்' பிறகு எதற்கும் உதவாது. பதிவு பெற்ற ஆஸ்பத்திரியின் அறுவை அரங்கில் செய்துகொண்டு, ஒரே நாள் என்றாலும் டிஸ்சார்ஜ் சுருக்கம் வாங்கிக்கொள்வது நல்லது. பாலிசி எடுக்கும் முன்பே உள்ளங்கைக் கட்டியை டாக்டரிடம் காட்டியிருந்தால், ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் குறுக்கே வரும். 2024 முதல் அது அதிகபட்சம் 36 மாதம்.

மறுத்தால்? ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, கம்பெனியின் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது. எந்த விதியின்படி என்றும் சொல்ல வேண்டும். முதலில் கம்பெனியிடமே புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். நாட்டில் பல நகரங்களில் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

நுகர்வோர் மன்றமும் இருக்கிறது. தோலையும் தசையையும் தாக்கும் ஒரு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர் 24 மணி நேரம் தங்கவில்லை என்று பணம் மறுக்கப்பட்ட வழக்கில், புதிய முறைகளால் சிகிச்சை சீக்கிரம் முடிவதைக் காரணமாக்கி மறுக்க முடியாது என்று 2023இல் வடோதரா மன்றம் பணம் தர உத்தரவிட்டது. மற்ற மன்றங்கள் இதைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. எடுத்துக் காட்ட உதவும்.

இதற்கெல்லாம் மாதங்கள் ஓடும். விரலின் நடு மூட்டு நெடுநாள் மடங்கிக் கிடந்தால் பிறகு முழுதாக நிமிர்த்துவது கடினம். டாக்டர் தாமதம் வேண்டாம் என்றால், முதலில் கைக்காசைப் போட்டு முடித்துக்கொண்டு, அசல் பில்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பிறகு வழக்காடலாம். கட்டிவிட்டதால் கேட்கும் உரிமை போய்விடாது. பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் காகிதங்கள் போய்ச் சேராவிட்டால்தான் வம்பு.